பதில் வராவிட்டால் என்ன செய்வது? – இயந்திரங்களின் பேச்சைக் கீறிவைத்த மொழிகளின் வரலாறு



மொழியின் வரலாறு என்றதும் நமக்குக் கல்வெட்டும் ஏட்டுச்சுவடியும் இலக்கணமும்தான் நினைவுக்கு வரும். இந்த மாத உரையிலும் மொழிகளின் வரலாற்றையே பார்க்கப்போகிறோம். ஆனால் இந்த மொழிகளை எவரும் வாயால் பேசுவதில்லை. கடந்த அறுபது சொச்ச ஆண்டுகளில் பொறியியலாளர்களும் கணித அறிஞர்களும் உட்கார்ந்து ஆக்கியவை இவை. கம்பியாலோ வானலையாலோ தொடுக்கப்பட்ட பல இயந்திரங்கள் சேர்ந்து ஒரு வேலையைச் செய்யும்போது, எது எப்போது எதைச் சொல்லும், சொன்னதைக் கேட்டு மற்றது என்ன செய்யும் என்பதைக் கட்டுவதற்கு முன்பே கீறியும் எழுதியும் வைப்பதற்கான மொழிகள். இவற்றை மாதிரி மொழிகள் என்று சொல்வோம்.

வீடு கட்ட முன் படம் கீறுவது போன்றதுதானே என்று தோன்றும். ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஒரு சுவர் மற்றச் சுவரோடு பேசுவதில்லை. தொலைபேசி, வங்கி இயந்திரம், ரயில் சமிக்ஞை, அவசர அழைப்பு எல்லாம் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பவை. அந்தப் பேச்சில் ஒரு சொல் பிந்தினாலோ, வராமலே விட்டாலோ முழு அமைப்பும் தடுமாறலாம்.

இந்தக் கதை நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நம்முடைய பிள்ளைகளில் பலர் இன்று இந்தத் தொழிலில் இருக்கிறார்கள் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. தனியே வசிக்கும் வயோதிபத் தாய்க்குக் கொம்யூன் கொடுத்த அபாயப் பொத்தான் கழுத்தில் தொங்குகிறது. அதை அழுத்தினால் ஆள் வருமா என்பது, அவர் ஒருநாளும் காணாத பல இயந்திரங்கள் தங்களுக்குள் ஒழுங்காகப் பேசிக்கொள்வதில் தங்கியிருக்கிறது.

மௌனத்துக்கு எத்தனை பொருள்?

1990களில் நமது வடபகுதிக்கு நேரடியாகத் தொலைபேசி எடுக்க முடியாத ஆண்டுகள் இருந்தன. வெளிநாட்டில் இருந்த பிள்ளை கொழும்பிலோ வவுனியாவிலோ ஒரு கடைக்கு எடுத்து, "வாற சனிக்கிழமை நாலு மணிக்கு எடுப்பன், அம்மாவை வந்து நிக்கச் சொல்லுங்கோ" என்று சொல்லிவைப்பார். கடைக்காரர் அந்தப் பக்கம் போகிற ஒருவரிடம் செய்தி கொடுத்துவிடுவார். அவர் சோதனைச் சாவடிகளைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். சனிக்கிழமை எடுத்தால் அம்மா அங்கே இல்லை. இப்போது என்ன முடிவுக்கு வருவது? செய்தி போய்ச் சேரவில்லையா? சேர்ந்தும் பாதை பூட்டா? வந்து காத்திருந்து, லைன் கிடைக்காமல் திரும்பிப் போய்விட்டாரா? அல்லது நினைக்கவே பயமான வேறொன்றா? மௌனம் ஒன்றுதான், காரணம் நாலு.

பட்டறிந்த குடும்பங்கள் இதற்கு ஒரு ஒழுங்கு வகுத்துக்கொண்டன. நாலு மணிக்குக் கிடைக்காவிட்டால் ஐந்து மணிக்கு இன்னொருமுறை எடுப்பது. அதுவும் இல்லையென்றால் அடுத்த சனிக்கிழமை. காசு கிடைத்ததும் கடைக்காரரிடம் ஒரு சொல் சொல்லிவிடுவது. எவரும் பெயர் வைக்கவில்லை என்றாலும் இது முழுமையான ஒரு தொடர்பு நெறிமுறை. அதில் மிக முக்கியமான வாசகம் 'கிடைக்காவிட்டால்' என்று தொடங்குவதுதான்.

இதே சிக்கலைக் கணிதமாக நிறுவிக் காட்டிய புகழ்பெற்ற கட்டுரை 1985இல் வெளிவந்தது. மைக்கேல் ஃபிஷர், நான்சி லிஞ்ச், மைக்கேல் பட்டர்சன் என்ற மூவர் எழுதியது. செய்தி வந்து சேர எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதற்கு எல்லை இல்லாத ஒரு வலையமைப்பில், ஒரேயொரு இயந்திரம் செயலிழக்கக்கூடும் என்றாலே போதும். மற்றவை எல்லாம் எந்த நிலையிலும் ஒரே முடிவுக்கு வந்து சேரும் என்று திட்டவட்டமான விதிகளால் மட்டும் உறுதி தர முடியாது என்பது அவர்களின் முடிவு. பிந்தி வருகிறவரையும் இனி வரவே மாட்டாதவரையும் தூரத்திலிருந்து பிரித்தறிய வழியில்லை என்பதே அதன் அடிப்படை.

ஆகவே நம்பகமான அமைப்பைக் கட்ட விரும்புகிறவர், பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். மாதிரி மொழிகளின் வரலாறு, இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாதபடி பொறியியலாளரை மெல்ல மெல்ல மடக்கிப் பிடித்த வரலாறு.

தொலைபேசி நிலையத்துக்குள் கணினி புகுந்தபோது

முதலில் சொல்லவேண்டிய பெயர் கார்ல் அடம் பெட்ரி. ஜேர்மனியரான இவர் 1962இல் டார்ம்ஸ்ராட் தொழில்நுட்ப உயர்கல்லூரியில் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆய்வேட்டின் பொருள் தானியங்கிகளுடனான தொடர்பாடல். எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவான ஒரு மணிக்கூடு இல்லை, ஒவ்வொரு நிகழ்வும் தன் பக்கத்தில் நடப்பதை மட்டுமே அறியும் என்ற கருத்து அதில் இருந்தது. வட்டம், கட்டம், அம்பு, புள்ளி ஆகிய நான்கால் கீறப்படும் 'பெட்ரி வலை' இந்தக் கருத்திலிருந்து வளர்ந்தது.

ஆனால் இத்தகைய மொழிகளை அன்றாடத் தொழிலுக்குக் கொண்டுவந்தது தொலைபேசிதான். அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் இறுதிச் சடங்கு நடத்தும் தொழில் செய்த அல்மன் ஸ்ட்ரௌஜர், 1891இல் தானாக இணைப்புக் கொடுக்கும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் பல பத்தாண்டுகளாகத் தொலைபேசி நிலையம் என்றால் இரும்பும் செம்பும்தான். பிழை வந்தால் கம்பியைப் பிடித்துக்கொண்டே போய்க் கண்டுபிடிக்கலாம். 1965 மே மாதம் நியூஜேர்சி மாநிலத்தின் சக்கசன்னா என்ற சிற்றூரில், கணினி நிரலால் இயங்கும் பெல் நிறுவனத்தின் முதலாவது பெரிய தொலைபேசி நிலையம் சேவைக்கு வந்தது. அன்றிலிருந்து அழைப்பின் விதிகள் கம்பியிலிருந்து நிரலுக்குள் போய்விட்டன. நிரலைக் கையால் தொட்டுப் பார்க்க முடியாது.

இன்னொரு சிக்கல் கொடுக்கல் வாங்கலில் இருந்தது. அக்காலத்தில் அநேகமான நாடுகளில் தொலைபேசி அரசின் கையில். நிலையத்தைச் செய்து விற்றவை எரிக்சன், சீமென்ஸ் போன்ற கம்பனிகள். 'தொலைபேசியை வைத்ததும் இணைப்பு விடுவிக்கப்படும்' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வைத்தது யார்? அழைத்தவரா, அழைக்கப்பட்டவரா? அழைக்கப்பட்டவர் கீழே வைத்துவிட்டு மற்ற அறைக்கு ஓடிப்போய் அங்கேயுள்ள கருவியை எடுத்தால் பேச்சு தொடரவேண்டுமா? எத்தனை விநாடி பொறுப்பது? வாங்குகிறவர் ஒன்றை நினைத்திருப்பார். விற்கிறவர் வேறொன்றைக் கட்டியிருப்பார். நல்ல ஆங்கிலத்திலும் நல்ல பிரெஞ்சிலும் எழுதினாலும் இந்த இடைவெளி தீரவில்லை.

அதனால் ஜெனீவாவில் இருக்கும் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் முன்வந்தது. 1865இல் பாரிஸில் தந்திக்காகத் தொடங்கிய அமைப்பு அது. அதன் தொலைபேசிக் குழு 1970களின் தொடக்கத்தில் வேலையை ஆரம்பித்து, 1976இல் ஒரு புதிய மொழியின் முதல் வடிவத்தை வெளியிட்டது. அமைப்பைக் குறித்துரைக்கவும் விபரிக்கவும் ஆன மொழி என்பது பெயரின் பொருள், சுருக்கமாக எஸ்.டி.எல். அதே 1976இல்தான் சுவீடனின் சோடெர்தேலியே நகரில் எரிக்சன் கம்பனியின் 'அக்ஸே' வகை நிலையம் முதன்முதலில் இயங்கத் தொடங்கியது. 1980, 1984, 1988 என்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை எஸ்.டி.எல். திருத்தப்பட்டு வளர்ந்தது.

ஒரு அழைப்பைக் கீறுவது எப்படி?

எஸ்.டி.எல். மொழியின் உயிர் மூன்று குறிகளில் இருக்கிறது. ஓரம் வளைந்த பெட்டி ஒரு நிலையைக் குறிக்கும். ஒரு பக்கம் உள்ளே வெட்டப்பட்ட பெட்டி, வெளியிலிருந்து வரும் செய்தி. ஒரு பக்கம் கூராக வெளியே நீட்டிய பெட்டி, நாம் அனுப்பும் செய்தி.

நம்முடைய தொலைபேசியை எடுத்துக்கொள்வோம். முதல் நிலை 'ஓய்வு'. கருவியைத் தூக்கினால் அது ஒரு வரும் செய்தி. உடனே 'இலக்கத்துக்குக் காத்திருத்தல்' என்ற நிலைக்குப் போகிறோம். இலக்கம் அழுத்தினால் 'மணி அடித்தல்'. மறுபக்கம் தூக்கினால் 'பேச்சு'. இதுவரை எல்லோருக்கும் எளிது. ஆனால் தூக்கிவிட்டு ஒன்றும் அழுத்தாமல் இருந்தால்? அதற்காக ஒரு மணிக்கூட்டை வைத்துவிட வேண்டும்; குறித்த நேரம் முடிந்ததும் அந்த மணிக்கூடே ஒரு செய்தி அனுப்பும். மௌனத்தையே ஒரு செய்தியாக மாற்றும் ஏற்பாடு இது.

இனி ஒரு சிக்கலான நிலை. மணி அடித்துக்கொண்டிருக்கிறது. அழைத்தவர் சலித்துப்போய்க் கருவியை வைக்கிறார். அதே கணத்தில் மறுபக்கத்தில் ஓடிவந்து தூக்குகிறார்கள். 'வைத்துவிட்டேன்' என்ற செய்தி இங்கிருந்து போகிறது. 'எடுத்துவிட்டேன்' என்ற செய்தி அங்கிருந்து வருகிறது. இரண்டும் வழியில் ஒன்றையொன்று கடக்கின்றன. இரண்டு பக்கமும் இப்போது தாங்கள் எதிர்பாராத ஒரு செய்தியைப் பெறும். அந்த நிலையில் அந்தச் செய்திக்கு என்ன செய்வது என்று படத்தில் இருக்கிறதா?

இங்கே எஸ்.டி.எல். ஒரு கடுமையான விதி வைத்திருக்கிறது. ஒரு நிலையில் ஒரு செய்திக்கு நீங்கள் ஒன்றும் கீறாவிட்டால், அந்தச் செய்தி சத்தமில்லாமல் வீசப்படும். பிறகு பார்க்கவேண்டும் என்றால் 'எடுத்து வை' என்பதற்கான தனிக் குறியைக் கீறவேண்டும். அதாவது கீறாமல் விடுவதும் ஒரு முடிவுதான். படத்தைப் பார்க்கிற இன்னொருவர் உடனே கேட்கலாம்: "இந்த இடத்தில் ஏன் ஒன்றும் இல்லை?" வெறும் வசனமாக எழுதிய ஒப்பந்தத்தில் இந்தக் கேள்வி எழுவது அரிது.

1992இல் இதற்குத் துணையாகச் செய்தி வரிசைப் படம் என்ற இன்னொரு மொழி வந்தது. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் மேலிருந்து கீழாக ஒரு கோடு. செய்திகளுக்குக் குறுக்கே அம்புகள். இன்று மென்பொருள் படிக்கும் பிள்ளைகள் யு.எம்.எல். என்ற மொழியில் கீறும் வரிசைப் படங்கள் பெரும்பாலும் இதன் வழிவந்தவை. அந்தப் பகுதியை யு.எம்.எல். இரண்டாம் பதிப்பில் முன்னின்று வகுத்தவர் ஒய்ஸ்டைன் ஹௌகன் என்ற நோர்வேஜியர்.

ஒஸ்லோவின் பங்கு

நோர்வே இந்த வரலாற்றில் சின்ன நாடு அல்ல. 1960களில் ஒஸ்லோவில் உள்ள நோர்வேக் கணிப்பு நிலையத்தில் ஒலே-யோஹான் டால், கிறிஸ்ரன் நிகார்ட் என்ற இருவர் சிமுலா என்ற மொழியை உருவாக்கினார்கள். உலகத்தில் ஒன்றோடொன்று உறவாடும் பொருட்களை அப்படியே கணினிக்குள் விபரிக்கலாம் என்பது அதன் அடிப்படை. இன்றைய நிரல் மொழிகள் பலவற்றுக்கு அது மூதாதை. டால், நிகார்ட் இருவருக்கும் கணினித் துறையின் அதியுயர் விருதான ரியூரிங் விருது 2001ஆம் ஆண்டுக்காக வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டே இருவரும் சில வார இடைவெளியில் காலமானார்கள். சிமுலாவின் கருத்துகள் 1992இல் எஸ்.டி.எல். மொழிக்குள்ளும் வந்தன. அதில் பீர்கர் மொல்லர்-பெடர்சன், ஹௌகன் போன்ற நோர்வேஜியர்களின் உழைப்பு இருந்தது. 1993இல் ரொல்வ் பிறேக்கும் ஹௌகனும் எழுதிய நூல், இந்த மொழியால் உண்மையான அமைப்புகளை எப்படிக் கட்டுவது என்று பொறியியலாளர்களுக்குக் கற்பித்தது.

நிகார்டைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். 1970களின் தொடக்கத்தில் அவர் நோர்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து வேலை செய்தார். தொழிற்சாலைக்குள் கணினி வரும்போது அது என்ன செய்யும் என்பதைத் தொழிலாளர்களும் விளங்கிக்கொண்டு பேரம்பேச வேண்டும் என்பது அந்த வேலையின் நோக்கம். கணினி அமைப்புகள் பற்றித் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் முதலாளிமார் சங்கமும் 1975இல் செய்துகொண்ட உடன்பாட்டுக்கு இந்த முயற்சி வழிவகுத்தது. வடக்கு நோர்வேயின் மீன் தொழிற்சாலைகளில் வேலை தொடங்கிய நம்மவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒரு அமைப்பின் கீழ் வாழ்கிறவருக்கு, அதன் படத்தைக் கேட்டு வாங்கி வாசிக்கும் உரிமை உண்டு என்பது சாதாரணமான விடயம் அல்ல.

கொழும்பில் பிறந்த ஒருவர்

தொலைபேசிக்காரர் படம் கீறிக்கொண்டிருந்த அதே காலத்தில், பல்கலைக்கழகங்களில் சிலர் அல்ஜீப்ரா போன்ற மொழிகளை ஆக்கினார்கள். அவர்களில் ஒருவரான ரொனி ஹோர் 1934இல் கொழும்பில் ஒரு பிரித்தானியக் குடும்பத்தில் பிறந்தவர். ஒக்ஸ்போர்ட்டில் அவர் படித்தது பழைய கிரேக்க, இலத்தீன் இலக்கியமும் தத்துவமும். பிறகு கடற்படையில் ரஷ்ய மொழி கற்று, மொஸ்கோவில் மாணவராக இருந்தபோது மொழிபெயர்ப்பு வேலைக்காகச் சொற்களை வரிசைப்படுத்தும் ஒரு விரைவான முறையைக் கண்டுபிடித்தார். உலகெங்கும் கணினிகளில் பயன்படும் 'குயிக்சோர்ட்' அதுதான். 1978இல் அவர் வெளியிட்ட கட்டுரை, ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் நிரல்களைச் சுருக்கமாக எழுத ஒரு மொழி தந்தது. அதன் சுருக்கப் பெயர் சி.எஸ்.பி. ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் ரொபின் மில்னர் 1980இல் இதை ஒத்த இன்னொரு மொழியை வெளியிட்டார். இவற்றில் எழுதினால், எழுதியது சரியா என்று கணக்குப்போட்டு நிறுவலாம். அந்த வசதியின் பெறுமதி சில ஆண்டுகளில் உலகத்துக்குத் தெரியவந்தது.

1990 ஜனவரி 15

அன்று பிற்பகல் அமெரிக்காவின் ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனத்தின் தொலைதூரத் தொலைபேசி வலை தடுமாறத் தொடங்கியது. நாடு முழுவதும் 114 பெரிய நிலையங்கள் அதில் இருந்தன. ஏறக்குறைய 9 மணி நேரம், எடுத்த அழைப்புகளில் பாதியளவு போய்ச் சேரவில்லை. எவரும் கம்பியை வெட்டவில்லை, குண்டு வெடிக்கவில்லை.

நடந்தது இதுதான். நியூயோர்க்கில் ஒரு நிலையத்துக்குச் சிறு கோளாறு. அது "எனக்குக் கொஞ்சம் சுகமில்லை, அழைப்பு அனுப்பாதீர்கள்" என்று மற்றவற்றுக்குச் சொல்லிவிட்டு, சில விநாடிகளில் தன்னைத் திருத்திக்கொண்டு வேலைக்குத் திரும்பியது. அது திரும்பி வந்ததை அதன் முதல் செய்தியிலிருந்து பக்கத்து நிலையம் அறிந்து, தன் குறிப்பேட்டைத் திருத்தத் தொடங்கியது. திருத்தி முடிவதற்குள், விநாடியில் நூறில் ஒரு பங்கு இடைவெளியில், இரண்டாவது செய்தி வந்து விழுந்தது. அந்த நிலையில் அந்தச் செய்தியைச் சரியாகக் கையாளாத ஒரு பிழை நிரலில் இருந்தது. முந்திய மாதம் புதிதாக ஏற்றிய நிரல் அது. குழம்பிய நிலையம் தன்னைத்தானே நிறுத்தித் திருத்திக்கொண்டு, சில விநாடியில் மீண்டும் எழுந்தது. எழுந்ததும் அதுவும் தன் பக்கத்து நிலையங்களுக்கு அதே போல அடுத்தடுத்துச் செய்திகளை அனுப்பியது. அவையும் விழுந்தன. ஒன்றை ஒன்று எழுப்பியும் வீழ்த்தியும் 114 நிலையங்களும் சுழன்றன.

கவனியுங்கள். ஒவ்வொரு நிலையமும் தன் பிழையைத் தானே கண்டு திருத்தும் நல்ல இயந்திரம். தனித்தனியே சோதித்தபோது எல்லாம் சரி. பிழை இருந்தது இரண்டு செய்திகள் வந்த வரிசையிலும் வேகத்திலும். இந்த வகைப் பிழையைச் சாதாரணச் சோதனையில் பிடிப்பது மிகவும் கடினம். ஏனென்றால் வரிசைகள் எண்ணற்றவை. இரண்டு இயந்திரங்கள் தலா 10 காரியங்களைச் செய்தால் அவை ஒன்றோடொன்று கலந்து நடக்கக்கூடிய வரிசைகள் 1,84,756. மூன்று இயந்திரங்கள் என்றால் 5 இலட்சம் கோடிக்கும் மேல்.

எல்லா வரிசையையும் பார்க்கும் பொறி

மனிதரால் எண்ண முடியாததை இயந்திரமே எண்ணிப் பார்க்கட்டும் என்ற எண்ணம் 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் பிரான்சிலும் தனித்தனியே பிறந்தது. எட்மண்ட் கிளார்க், அலன் எமர்சன், ஜோசப் சிஃபாகிஸ் ஆகிய மூவருக்கும் இதற்காக 2007ஆம் ஆண்டின் ரியூரிங் விருது கிடைத்தது. தொலைபேசி உலகில் இதைச் செய்தவர் பெல் ஆய்வுகூடத்தில் வேலைசெய்த ஒல்லாந்தர் ஜெரார்ட் ஹோல்ஸ்மன். அவருடைய 'ஸ்பின்' என்ற கருவி 1991இலிருந்து எவரும் பெறக்கூடியதாக இருந்தது. அமைப்பை ப்ரொமேலா என்ற சிறிய மொழியில் எழுதிக் கொடுத்தால், நடக்கக்கூடிய வரிசைகளை அது தேடிப் பார்க்கும். பிழை ஒன்று அகப்பட்டால், எந்தப் படி எந்தப் படிக்குப் பின் நடந்தால் அமைப்பு விழும் என்று கதைபோலச் சொல்லும்.

ஒல்லாந்தில் வாழும் நமது உறவுகளுக்கு றொட்டர்டாம் அருகேயுள்ள மாஸ்லான்ட் வெள்ளத் தடுப்பு வாயிலைத் தெரிந்திருக்கும். 1953 வெள்ளத்தில் அந்த நாட்டில் 1,836 பேர் இறந்தபின் தொடங்கிய பெருந்திட்டத்தின் கடைசிப் பகுதி அது, 1997இல் திறந்துவைக்கப்பட்டது. ஒவ்வொன்றும் 210 மீற்றர் நீளமான இரண்டு கதவுகள். எப்போது மூடுவது என்பதை முடிவுசெய்வது கணினி. மூடாமல் விட்டால் நகரம் மூழ்கும். தேவையில்லாமல் மூடினால் துறைமுகம் நிற்கும். அந்தக் கணினி மற்ற அமைப்புகளோடு பேசும் முறையை வடிவமைத்தபோது ப்ரொமேலாவில் எழுதி ஸ்பின் கருவியால் சரிபார்த்தார்கள். 2023 டிசம்பர் 21ஆம் திகதி, கடல்மட்டம் எல்லையைத் தாண்டும் என்று கணித்து, அந்த அமைப்பு முதன்முதலாகத் தானாகவே வாயிலை மூடியது.

பெயர் எழுதாத கடிதம்

1978இல் ரோஜர் நீடம், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இரு அறிஞர்கள், வலையமைப்பில் இருவர் ஒருவரையொருவர் அடையாளம் காணும் முறை ஒன்றை வெளியிட்டார்கள். அதன் சாரம் மூன்று கடிதங்கள்.

கமலா தன் பெயரையும் ஒரு இரகசிய எண்ணையும் எழுதி, பாலனால் மட்டும் திறக்கக்கூடிய பெட்டியில் வைத்து அனுப்புகிறார். பாலன் அதைத் திறந்து, கமலாவின் எண்ணோடு தன் இரகசிய எண்ணையும் சேர்த்து, கமலாவால் மட்டும் திறக்கக்கூடிய பெட்டியில் திருப்பி அனுப்புகிறார். கமலா பாலனின் எண்ணைப் பாலனின் பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்புகிறார். பெட்டியைத் திறக்க முடிந்ததால் இருவரும் உண்மையானவர்கள் என்று நிச்சயமாகிறது. பார்க்கப் பழுதில்லை. 17 ஆண்டுகள் எவரும் ஓட்டையைக் காணவில்லை.

1995இல் கவின் லோ என்பவர் கண்டார். கமலா நேர்மையற்ற ஒருவரோடும் இதே முறையில் தொடர்புகொள்கிறார் என்று வையுங்கள். அவன் கமலாவின் கடிதத்தைத் திறந்து, பாலனின் பெட்டிக்குள் மாற்றிப் போட்டு அனுப்புகிறான். பாலன் கமலாதான் எழுதினார் என்று நம்பிப் பதில் போடுகிறார். அந்தப் பதிலைக் கள்ளனால் திறக்க முடியாது. அப்படியே கமலாவிடம் கொடுத்துவிடுகிறான். கமலா அது அவனுடைய பதில்தான் என்று எண்ணித் திறந்து, உள்ளே இருந்த பாலனின் எண்ணை அவனுக்கே திருப்பி அனுப்புகிறார். இப்போது கள்ளன் பாலனிடம் போய்க் கமலாவாக நிற்கலாம்.

பரிகாரம் ஒரு சொல்தான். பாலன் தன் பதிலில் தன் பெயரையும் எழுதிவிட்டால், கடிதம் யாரிடமிருந்து வந்தது என்று கமலாவுக்குத் தெரிந்துவிடும். லோ இந்த முறையை ஹோரின் சி.எஸ்.பி. மொழியில் எழுதி, இயந்திரத்தால் சரிபார்த்துக் காட்டினார். கூர்மையான அறிஞர்களின் கண்ணுக்கு 17 ஆண்டுகள் தப்பிய குறையை, படி படியாக எழுதி எல்லா வழியையும் தேடினால் இயந்திரமே காட்டித்தரும் என்பது அதன் பிறகு ஐயமற்றதாயிற்று.

இன்றைய நிலை

எஸ்.டி.எல். மொழியின் பொற்காலம் இரண்டாயிரத்தாம் ஆண்டையொட்டி முடிந்தது. அதற்குக் கருவி செய்த சுவீடனின் ரெலிலொஜிக் கம்பனியை 2008இல் ஐ.பி.எம். வாங்கியது. ஆனால் தேவை மறையவில்லை. தொலைபேசி நிலையத்திலிருந்து பெரிய இணையக் கணினி மண்டபங்களுக்கு இடம் மாறியது. லெஸ்லி லம்போர்ட் உருவாக்கிய ரி.எல்.ஏ. பிளஸ் என்ற மொழியை அமேசன் நிறுவனத்தின் பொறியியலாளர்கள் 2011இலிருந்து பயன்படுத்தினார்கள். அவர்கள் 2015இல் எழுதிய கட்டுரையில் ஒரு செய்தி உண்டு. டைனமோடிபி என்ற தரவுக் களஞ்சியத்தின் வடிவமைப்பில் ஒரு பிழையை அந்த மொழி காட்டியது. அந்தப் பிழை வெளிப்பட மிகக் குறுகிய வழியே 35 படிகள். எந்த மனிதரும் 35 படிகளை மனத்தில் வைத்து யோசிப்பதில்லை.

அப்படியானால் இனிப் பயமில்லையா? 2025 ஒக்டோபர் 20ஆம் திகதி அதே டைனமோடிபி வேர்ஜீனியாவில் பல மணி நேரம் எட்டாமல் போனது. உலகின் பல பாகங்களில் அதை நம்பியிருந்த சேவைகளும் செயலிகளும் நின்றன. களஞ்சியத்துக்குள் இருந்த தரவு பத்திரமாகத்தான் இருந்தது. அதற்கு வழிகாட்டும் முகவரி ஏட்டை இரண்டு தானியங்கிகள் திருத்திவந்தன. ஒன்று பிந்தி வந்து, புதிய முகவரியின் மேல் பழையதை எழுதியது. மற்றது பழையவற்றைத் துப்புரவாக்கும்போது அதை அழித்துவிட்டது. ஏடு வெறுமையாயிற்று. 1990இல் போலவே பழுது இருந்தது வரிசையில்.

இதிலிருந்து தெரிவது: மாதிரி மொழி, அதில் எழுதப்பட்ட பகுதியைத்தான் காக்கும். எதை எழுதுவது என்று தீர்மானிப்பது மனிதர். எந்தக் கருவியும் அந்தப் பொறுப்பை எங்களிடமிருந்து வாங்கிக்கொள்ளாது.

நாம் கேட்கவேண்டியவை

நேயர்களே, இந்தத் துறையில் வேலைசெய்யும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் கட்டும் அமைப்பில் 'பதில் வராவிட்டால்' என்ற பகுதியைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடிந்தால் மகிழுங்கள். முடியாவிட்டால், ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு கோடும் சில அம்புகளும் கீறிப் பார்க்க அரை மணி நேரம் போதும்.

வயோதிபர் இருக்கும் வீடுகளில் அபாயப் பொத்தானைப் பொருத்த வருகிறவரிடம் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். பொத்தானை அழுத்தினால், செய்தி போய்ச் சேர்ந்தது என்று அழுத்தியவருக்கே தெரியவருமா? சேராவிட்டால் கருவி மீண்டும் முயலுமா, வேறு வழியால் அனுப்புமா? இணைப்பு அறுந்திருந்தால், ஆபத்து வருவதற்கு முன்பே யாராவது அதை அறிவார்களா? மூன்றுக்கும் தெளிவான பதில் இருந்தால் யாரோ ஒருவர் எங்கோ படம் கீறியிருக்கிறார். மொழி சரளமாக வராத பெற்றோருக்காகப் பிள்ளைகள் இந்தக் கேள்விகளை நோர்வேஜிய மொழியில் எழுதிக் கொடுத்துவிடலாம்.

எங்கள் சங்கங்களும் பாடசாலைகளும் அவசர வேளையில் ஒருவருக்கொருவர் அறிவிக்க வைத்திருக்கும் தொலைபேசிப் பட்டியலையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். யார் யாருக்குச் சொல்வது என்று அதில் இருக்கும். அவர் எடுக்காவிட்டால் அடுத்தது யார் என்று இருக்கிறதா? இல்லையென்றால் இந்த வாரமே அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.